மரவீட்டின் அடிச்சட்டம் இற்றுப்போனால்: மாற்றுவதா, ஒட்டுப்போடுவதா, அடைப்பதா?

ஜூன் 4, வாசகர் ஒருவரின் கேள்வி

எங்கள் வீடு முழுக்க மரத்தாலானது. கல் அடித்தளத்தின் மேல் நிற்கிறது. ஒரு மூலையில் தளம் சரிந்துவிட்டதால் அந்த அறையின் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. சுவரின் அடியில் படுத்திருக்கும் நீண்ட சட்டத்தில் குத்தூசியை வைத்து அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போகிறது. ஒரு தச்சர் சட்டம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர், எபாக்சி என்ற, ஊற்றியபின் இறுகும் பிசினை ஊற்றினால் இற்ற மரம் கல்லாகிவிடும், எதையும் பிரிக்க வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

ஜூன் 4, மாலை

இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். இருவரும் மரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சைக்கு உணவு, காற்று, மிதமான வெப்பம், ஈரம் ஆகிய நான்கும் வேண்டும். முதல் மூன்றையும் வீட்டிலிருந்து அகற்ற முடியாது. நம் கையில் இருப்பது நான்காவது மட்டுமே. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் தொடங்குவதில்லை. ஏறத்தாழ 28 முதல் 30 விழுக்காடு, அதாவது மரத்தின் செல்சுவர்கள் ஈரத்தால் நிறைந்துவிடும் நிலை, ஒருமுறை எட்டிவிட்டால் பூஞ்சை செழித்து வளரும். வீடு முழுவதும் நன்றாக இருக்க, அந்த மூலைக்கு மட்டும் அவ்வளவு ஈரம் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்காமல் எந்த வேலையைத் தொடங்கினாலும், புதிய மரத்தைப் பூஞ்சைக்குப் படைப்பதாகத்தான் முடியும்.

மேலிருந்து கீழே பாருங்கள். கூரை நீரை வடிக்கும் தகர வடிகாலின் இணைப்பு விட்டிருக்கலாம். கூரை நீர் தரையில் விழுந்து தெறித்துச் சுவரை நனைக்கலாம். பூச்செடிக்கென்று யாரோ கொட்டிய மண் நாளடைவில் ஏறி மரத்தையே தொட்டுக்கொண்டிருக்கலாம். நான் பார்த்த வீடுகளில் இந்த மூன்றாவதுதான் அதிகம். செடி செழிப்பாக இருக்கும், வீடு இறங்கிக்கொண்டிருக்கும்.

ஜூன் 5

குத்தூசி உள்ளே போகிறது என்பது மட்டும் போதாது. எதுவரை போகிறது, எந்த நீளத்துக்குப் போகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சாண் தூரத்திலும் குத்திப் பார்த்து, கெட்ட இடத்தைச் சுண்ணக்கட்டியால் வளையமிடுங்கள். மேற்பரப்பில் சாயம் பளபளவென்று இருப்பதை நம்பாதீர்கள். சாயத் தோலும் அதன் அடியில் தாள் கனத்துக்கு நல்ல மரமும் இருக்க, உள்ளே எல்லாம் பொடியாகிப்போன சட்டங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பயன்பட்ட சோதனை ஒன்று உண்டு. குத்தூசியை ரேகைக்கு, அதாவது மரத்தின் இழைகள் ஓடும் போக்குக்கு, குறுக்காகச் சற்றே சாய்த்துச் செருகி, ஒரு சிம்பை நெம்பி எடுத்துப் பாருங்கள். நல்ல மரமானால் சிம்பு நீளமாக, இழை இழையாகப் பிளந்து, ஊசியிலிருந்து தள்ளி எங்கோ முறியும். முறியும்போது ஓசையும் கேட்கும். அழுகல் தொடங்கிய மரமானால், பார்வைக்கு நன்றாகவே இருந்தாலும், ஊசிக்கு நேர் மேலேயே குட்டையாக, ஓசையின்றி முறிந்துவிடும். ஈரப்பதமானி இப்போதைய ஈரத்தைத்தான் காட்டும்; என்றோ அழுகி இன்று காய்ந்து நிற்கும் மரத்தை இந்தச் சிம்புதான் காட்டிக்கொடுக்கும்.

இற்ற மரம் பழுப்பாகிச் சதுரச் சதுரமாக வெடித்திருந்தால் அது ஒருவகைப் பூஞ்சை. வெளுத்து நார்நாராகப் பிரிந்தால் வேறுவகை. மண்குழாய்கள் ஏறியிருந்தால் கரையான். ஊசிமுனைத் துளைகளும் அடியில் மாவு போன்ற தூளும் இருந்தால் வண்டு. கரையானும் பூஞ்சையும் ஒரே ஈரத்தைத் தேடி ஒரே இடத்துக்கு வருவதால், ஒன்றைக் கண்டதும் மற்றது இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஜூன் 5, இரவு

உத்தரத்தில் நீளவாக்கில் விரல் நுழையும் அளவு வெடிப்பு இருக்கிறதே என்று ஒருவர் அஞ்சிக் கேட்டிருக்கிறார். பெரிய மரம் காயும்போது ரேகையின் போக்கில் வெடிப்பது இயல்பு. வீடு கட்டிய சில ஆண்டுகளிலேயே அது வந்திருக்கும். வெடிப்புக்குள் தூசியும் பழைய சாயமும் படிந்திருந்தால் அது பழையது, விட்டுவிடுங்கள். ரேகைக்குக் குறுக்கே ஓடும் முறிவு, முடிச்சிலிருந்து சாய்வாகக் கிளம்பி உத்தரத்தின் அடிவிளிம்பை எட்டும் முறிவு, உள்ளே வெளிறென்று புதிய மரம் தெரியும் முறிவு ஆகியவற்றைக் கண்டால் முதலில் முட்டுக்கொடுங்கள், பிறகு எழுதுங்கள்.

ஜூன் 7

எபாக்சியை நான் பழிப்பதாக ஒருவர் வருந்தியிருக்கிறார். பழிக்கவில்லை. சன்னல் அடிப்பலகை, கதவு நிலையின் கால், பாரம் தாங்காத அழகுவேலை ஆகியவற்றில் அது அருமையான பொருள். பாரம் தாங்கும் மரத்திலும், கெட்ட பகுதியை முழுவதும் வெட்டி நீக்கி, நல்ல மரத்துக்குள் கம்பி செருகி, பொறியாளர் கணக்கிட்டுக் கொடுத்த அளவில் செய்தால் வேலை நிற்கும். நான் எதிர்ப்பது, இற்ற மரத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குள் ஊற்றுவதைத்தான். பிசின் பஞ்சுபோலான பகுதியில் ஊறுகிறது. நல்ல மரத்துடன் சேரும் எல்லையில், அதாவது பிடிப்பு எங்கே வேண்டுமோ அங்கே, அரைகுறையாக இற்ற மரம் இடையில் இருப்பதால் பற்றுவதில்லை. மேற்கொண்டு, மரம் ஈரத்துக்கேற்ப வீங்கிச் சுருங்குகிறது. பிசின் அப்படி அசைவதில்லை. இரண்டு மூன்று பருவங்களில் ஓரத்தில் மயிரிழைப் பிளவு விழும். தண்ணீர் அதன் வழியே உள்ளே இறங்கும். வெளியே வர வழியிருக்காது. இப்படி அடைத்த ஒரு சட்டத்தை உடைத்தபோது, பிசின் கட்டி முழுதாக என் கையில் வந்தது; அதைச் சுற்றியிருந்த மரம் ஈரக் காப்பிப்பொடியைப் போல உதிர்ந்தது.

ஜூன் 8

இனி பாரத்தைப் பற்றி. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் ஈரத்தை விசாரிக்காதவர் கையில் ஜாக்கியைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

அடிச்சட்டத்தின் ஒரு பகுதியை எடுக்க வேண்டுமானால், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் அனைத்தையும் வேறு வழியாகத் தரைக்கு இறக்கியாக வேண்டும். கூரையின் பாரம் கைமரங்கள் வழியாகச் சுவரின் தலைச்சட்டத்துக்கு வருகிறது, அங்கிருந்து தூண்கள் வழியாக அடிச்சட்டத்துக்கு, அதிலிருந்து கல்லுக்கு. தளத்தின் பாரம் தளச்சட்டங்களின் முனையில் தனியாக வந்து சேருகிறது. இந்த இரண்டு பாதைகளையும் தாளில் வரைந்து பாருங்கள். தளச்சட்டத்துக்கு மட்டும் முட்டுக்கொடுத்துவிட்டுத் தூணை மறந்துவிட்டால், தளம் நிற்கும், சுவர் இறங்கும்.

முட்டுக்காலின் அடியில் ஒற்றைப் பலகை போதாது. கனமான கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பாரத்தைப் பரவச் செய்ய வேண்டும். மேலே ஜாக்கியின் தலைக்கும் மரத்துக்கும் இடையே இரும்புத் தகடு வைக்க வேண்டும். ரேகைக்குக் குறுக்கே வரும் அழுத்தத்தில் மரம் எளிதில் நசுங்கும் என்பதால், தகடு இல்லாவிட்டால் வீடு உயர்வதற்குப் பதிலாக ஜாக்கி மரத்துக்குள் புதையும். தூக்குவதற்கு ஹைட்ராலிக் ஜாக்கி வசதியானது. தாங்கிவைப்பதற்கு அது ஆகாது, ஏனெனில் அடைப்பான் கசிந்தால் இரவோடு இரவாக இறங்கிவிடும். தூக்கியதும் திருகு முட்டுக்காலையோ ஆப்பு அறைந்த கட்டையையோ கொடுத்துப் பாரத்தை அதற்கு மாற்றிவிடுவது வழக்கம்.

எவ்வளவு வேகமாகத் தூக்குவது? நாளொன்றுக்கு 3 மில்லிமீட்டர் அளவில், இடையிடையே ஓய்வு விட்டுத் தூக்குவது பரவலான பழக்கம். எண்ணைவிடக் காது முக்கியம். மெல்ல முனகும் மரம் இசைந்து கொடுக்கிறது; சடாரென்று வெடிக்கும் ஓசை வந்தால் நிறுத்திவிட்டு வீடு முழுவதும் சுற்றிப் பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டில் அப்படிச் சுற்றிப் பார்த்தபோது, நாங்கள் தூக்கிக்கொண்டிருந்த மூலைக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றிய மாடிச் சன்னலின் கண்ணாடி கீறியிருந்தது. சட்டத்தை அளந்து பார்த்ததும் காரணம் புரிந்தது: நான்கு மூலைகளில் ஒன்றும் செங்கோணமாக இல்லை. வீடு சரிந்த பிறகு, அந்தச் சரிவுக்கு ஏற்பவே யாரோ கோணலாகச் சன்னல் செய்து, இடைவெளியில்லாமல் பொருத்தியிருக்கிறார்கள். வேலை அவ்வளவு நேர்த்தி. அன்றிலிருந்து, தூக்குமுன் எல்லாக் கதவு சன்னல்களின் மூலைவிட்டங்களையும் அளக்கிறேன். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்து, சட்டம் மட்டும் சாய்ந்திருந்தால் அது வீட்டோடு சேர்ந்து சரிந்தது, தூக்கினால் நேராகும். சமமில்லாமல் இருந்தும் கதவு இறுக்கமின்றி மூடினால் அது சரிவுக்குப் பின் வந்தது. தூக்குமுன் கழற்றிவைக்க வேண்டும். குழாய்கள், புகைபோக்கி, மின்கம்பிகள் எல்லாவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள்.

ஜூன் 9

கார் ஜாக்கி போதுமா என்று கேட்டவருக்கு: காரைத் தூக்கப் போதும்.

ஜூன் 12

சட்டம் முழுவதையும் மாற்றுவதா என்ற கேள்விக்கு வருகிறேன். சுண்ணக்கட்டியால் போட்ட வளையங்கள் எங்கே முடிகின்றனவோ அங்கிருந்து சற்றுத் தள்ளி, சிம்பு நீளமாக முறியும் மரம்வரை வெட்டினால் போதும். அடிச்சட்டம் நீளம் முழுவதும் கல்லின் மேல் படுத்திருப்பது. அதற்கு வரும் பாரம் பெரும்பாலும் மேலிருந்து அழுத்துவது. ஆகவே பழையதையும் புதியதையும் பாதிப்பாதியாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்துப் போல்ட் போடும் எளிய பொருத்தே போதுமானது. பொருத்து ஒரு தூணுக்கு நேர் கீழே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடைவெளியைக் கடக்கும் உத்தரத்துக்கு இதே முறையைக் கொண்டுபோகக் கூடாது. அங்கே பாரம் மரத்தை வளைக்கிறது. மேல்விளிம்பு நசுங்க, அடிவிளிம்பு இழுபடுகிறது. பாதிப்பாதியாக வெட்டிய பொருத்து நடுவில் வந்தால், இழுவையை வெறும் போல்ட்டுகளே தாங்க வேண்டியிருக்கும். தாங்கலுக்கு அருகில் வளைவு குறைவு என்பதால், சுவருக்குள் புதைந்து இற்றுப்போன முனையை மட்டும் மாற்றும்போது பொருத்தை இயன்றவரை சுவரை ஒட்டி வைத்துக்கொண்டு, இருபுறமும் எஃகுத் தகடு கொடுப்பது நல்லது. தகட்டின் நீளம், போல்ட்டின் தடிமன், இடைவெளி ஆகியவற்றைப் பொறியாளர் சொல்லட்டும். கண்மதிப்பில் செய்யும் வேலை அல்ல இது.

புதிய மரம் பழைய மரத்தின் இனமாகவே இருந்தால் நல்லது. காய்ந்ததாக இருந்தே ஆக வேண்டும். காயும்போது மரம் நீளவாக்கில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை; ஆனால் குறுக்குவாக்கில், வளையங்களின் போக்கில் சுருங்குவது ஆரவாக்கில் (மையத்திலிருந்து பட்டையை நோக்கி) சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பச்சைமரத்தில் 200 மில்லிமீட்டர் உயரத்துக்குச் செதுக்கி வைத்த சட்டம், காய்ந்து முடியும்போது பத்து மில்லிமீட்டர்கூடக் குறைந்துவிடலாம். நாள் தவறாமல் தூக்கிய உயரத்தையெல்லாம் மரமே திருப்பி எடுத்துக்கொள்ளும்.

ஜூன் 13

தளச்சட்டங்களைப் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். குளியலறைக்கு அடியில் உள்ள தளச்சட்டங்களில் அழுகலைவிட அதிகச் சேதம் செய்பவர் குழாய் வேலை செய்பவர். குழாய் போக வேண்டும், சட்டம் குறுக்கே நிற்கிறது, ரம்பம் கையில் இருக்கிறது, முடிந்தது. சட்டத்தின் வலிமை அதன் உயரத்தின் இருமடிக்கும், விறைப்பு மும்மடிக்கும் ஏற்ப மாறுகிறது. உயரத்தில் கால் பங்கை வெட்டினால் அந்த இடத்தில் எஞ்சும் வலிமை 56 விழுக்காடு. நீளம் முழுவதும் அவ்வளவு தேய்ந்திருந்தால் எஞ்சும் விறைப்பு 42 விழுக்காடு. வெட்டின் கூர்மூலையிலிருந்து நீளவாக்கில் பிளவு ஓடும் ஆபத்து இந்தக் கணக்கில் சேரவில்லை. பல கட்டட விதிகள், மேலும் கீழும் விளிம்பைத் தொடாமல் நடுவில் வட்டத் துளையிட அனுமதித்து, இடைவெளியின் நடு மூன்றிலொரு பகுதியில் விளிம்பை வெட்டுவதைத் தடைசெய்வது இதனால்தான்.

கெட்ட சட்டத்தின் பக்கத்தில் புதிய சட்டத்தை ஒட்டிவைத்துத் திருகுவதுதான் வழக்கமான மருந்து. புதியது இருமுனைகளிலும் தாங்கலின் மேல் உட்கார வேண்டும். நடுவில் துண்டு மட்டும் வைத்தால் அது துணைக்கு வந்தவரே தவிரச் சுமக்க வந்தவர் அல்லர். நெடுங்காலம் பாரம் தாங்கித் தொய்ந்த பழைய சட்டத்தை ஒரே மூச்சில் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். அந்தத் தொய்வு மரத்தின் உள்ளமைப்பிலேயே பதிந்துவிட்டது. பாரத்தை எடுத்தாலும் முழுவதும் திரும்பாது. மேலே தளம் மட்டமாக வேண்டுமானால், புதிய சட்டத்தை மட்டம் பார்த்து வைத்து, பழையதை அதன் போக்கில் விட்டுவிடலாம்.

ஜூன் 16

ஜூன் 8 அன்று எழுதியதில் ஒரு எல்லை சொல்ல வேண்டும். தளம் இறங்கியதும் சுவர் வெளியே சாய்ந்ததும் ஒரே நோய் அல்ல. சுவரின் தலை வெளியே போகிறதென்றால், அடியில் எவ்வளவு தூக்கினாலும் பயனில்லை, கூரையைப் பாருங்கள். எதிரெதிர்க் கைமரங்கள் சுவர்களை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலை அடக்குவது இரு சுவர்களையும் இழுத்துப் பிடிக்கும் குறுக்கு உத்தரம். பரணில் தலை இடிக்கிறது என்று அதை யாராவது அறுத்திருந்தால் முகடு மெல்லத் தாழும், சுவர்கள் மெல்ல விலகும். முறுக்கி இழுக்கும் கம்பியால் சிறுகச் சிறுகச் சேர்த்து, பிறகு நிரந்தரக் குறுக்கு உத்தரத்தைப் பொருத்த வேண்டும். சுவர் வெளியே சாயாமல் பக்கவாட்டில் சாய்சதுரமாகியிருந்தால் நோய் வேறு: மூலைச்சாய்வுக் கட்டைகள் இல்லை, அல்லது பெரிய சன்னல் வைப்பதற்காக அவற்றை எடுத்துவிட்டார்கள்.

ஜூன் 17

தீப்பட்ட உத்தரத்தைப் பற்றி வந்த கேள்விக்குச் சுருக்கமாக: பருமனான மென்மரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.65 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை கருகும். கரி உள்ளே இருப்பதைக் காக்கும். கரியைச் சுரண்டி, அதன் அடியில் நிறம் மாறிய படலத்தையும் நீக்கினால், எஞ்சிய மரம் பெரும்பாலும் நல்ல மரமே. எஞ்சிய குறுக்களவு போதுமா என்பது கணக்கு. பொருத்துகளையும் இரும்பு இணைப்புகளையும் தனியே சோதியுங்கள். வெப்பம் உலோகத்தின் வழியாக மரத்தின் உள்ளே போயிருக்கும்.

ஜூன் 18

அடியிலிருந்து மாற்றிக்கொண்டு மேலே போவது சாத்தியமா என்று ஐயம் தெரிவித்தவருக்காகச் சற்றே விலகிச் செல்கிறேன். ரஷ்யாவில் ஒனேகா ஏரியின் கீஷித் தீவில் 1714-இல் கட்டப்பட்ட மரத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. 22 குவிமாடங்கள், ஏறத்தாழ 37 மீட்டர் உயரம், எல்லாம் கிடைமட்டமாக அடுக்கிய உருள்மரங்கள். அது சரியத் தொடங்கியபோது 1980-களில் உள்ளே எஃகுச் சட்டகம் நிறுத்தித் தாங்கவைத்தார்கள். பின்னர் வந்த சீரமைப்பில், மேலடுக்குகளை அந்தச் சட்டகத்தில் தொங்கவைத்துக்கொண்டு, கீழடுக்கிலிருந்து அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு மரத்தையும் சோதித்து, நல்லதை அப்படியே, பாதி கெட்டதை ஒட்டுப்போட்டு, முழுவதும் கெட்டதை மாற்றி மீண்டும் அடுக்கினார்கள். 2020-இல் வேலை முடிந்தது. ஒரு மூலையைத் தூக்க அஞ்சும் நாம் இதை நினைத்துக்கொள்ளலாம். அவர்களிடம் இருந்த எஃகும் பொறியாளர்களும் நம்மிடம் இல்லை என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 20

மருந்தடிப்பதைப் பற்றி. போரேட் உப்புக் கரைசல் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் எதிராக நன்றாக வேலை செய்கிறது. ஈரமான மரத்துக்குள் தானே ஊடுருவிப் பரவும். அதே தன்மையால் மழை படும் இடத்தில் கரைந்து போய்விடும். ஆகவே மறைவான இடத்துக்கு மட்டும். கசிவை நிறுத்தாமல் மருந்தை மட்டும் அடிப்பதில் பயனில்லை.

கல்லுக்கும் மரத்துக்கும் இடையே ஈரம் ஏறாத தாளோ தகடோ கொடுங்கள். நார்வேயின் உர்னெஸ் மரத் தேவாலயம் 12-ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. அதன் தூண்கள் கல்லின் மேல் அமைந்த அடிச்சட்டத்தில் நிற்கின்றன. அதே இடத்தில் முன்பிருந்த கட்டடத்தின் தூண்கள் மண்ணில் ஊன்றப்பட்டவை. அகழ்ந்தபோது கிடைத்தவை அவற்றின் குழிகள்தாம். சட்டத்தைச் சுற்றிச் சிமெண்ட் பூசி இறுக்கி அடைக்க வேண்டாம். அது தண்ணீரைத் தடுப்பதைவிடப் பிடித்துவைத்துக்கொள்வதில் கெட்டிக்காரத்தனம் காட்டும். துவர்ப்பு மிகுந்த மரங்களில் சாதாரண இரும்பாணி கருத்து அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். பழைய சாயத்தைச் சுரண்டுமுன் அதில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.

ஜூன் 23

முதலில் கேள்வி கேட்டவர் வெளிப்பலகைகளைக் கழற்றிப் பார்த்து எழுதியிருக்கிறார். சுவரின் நீளத்தில் ஆறிலொரு பங்குதான் கெட்டிருக்கிறது. அதற்கு நேர் மேலே வடிகாலின் மூலை இணைப்பு விட்டிருக்கிறது. ஒரு தூணின் கால் உள்ளங்கை உயரத்துக்கு இற்றிருக்கிறது. எதிர்பார்த்ததுதான். முதலில் வடிகாலைச் சரிசெய்யுங்கள். பலகைகளை மூடாமல், ஈரப்பதமானி 20-க்குக் கீழே காட்டும்வரை காற்றாட விடுங்கள். பிறகு தூணுக்கும் தளத்துக்கும் தனித்தனியே முட்டு. அதன் பிறகே ரம்பம். தூணின் காலை வெட்டி, நல்ல மரம்வரை கழுந்தும் துளையுமாக (ஒன்றின் முனையை நாக்குப்போலச் செதுக்கி மற்றதன் துளைக்குள் இறக்கி) புதிய காலைச் செருகுங்கள். ஒரு காலுக்காக முழுத் தூணையும் உருவ வேண்டாம்.

தளத்தை முழு மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டுமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு என் கருத்து, வேண்டாம் என்பதே. கதவு தானாகத் திறக்காத அளவுக்கு நிமிர்ந்ததும் நிறுத்துங்கள். மீதமுள்ள சரிவைப் போக்க முயன்றால், இவ்வளவு காலம் அதற்கேற்பத் தங்களை அமைத்துக்கொண்ட பொருத்துகள் எல்லாம் திறந்துகொள்ளும்.

ஜூன் 23, பின்சேர்க்கை

வெளிப்பலகைகளைத் திரும்ப அடிக்கும்போது, அந்த மூலையில் உள்ள இரண்டை மட்டும் ஆணி அடிக்காமல் திருகாணியால் பொருத்துங்கள். மழைக்காலம் முடிந்ததும் அவற்றைக் கழற்றி, பொருத்தின் இருபுறமும் ஈரப்பதத்தை அளந்து இங்கே எழுதுங்கள். புதிய மரத்தில் ஓர் எண்ணும் பழைய மரத்தில் ஓர் எண்ணுமாக, இரண்டையும்.